அச்சுக்கோடு கழுத்தில் நின்றால் 1870-ஆ? ஐந்து உருப்படிகளுக்கு வயது பார்க்க உதவுங்கள்

சீசாப்பித்தன்

வணக்கம். பழைய சாமான் பெட்டி ஒன்றில் ஐந்து கண்ணாடி உருப்படிகள் கைக்கு வந்திருக்கின்றன. படம் ஏற்ற முடியவில்லை, அதனால் கண்ணில் படுவதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

1. வெளிர் நீலப்பச்சை மருந்து பாட்டில். 15 செ.மீ. உயரம், நான்கு பக்கமும் தட்டை. அச்சுக்கோடு (அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் மேட்டுக்கோடு) இரண்டு பக்கத்திலும் ஏறி வந்து, உதட்டுக்கு, அதாவது வாயின் விளிம்புக்கு, ஒன்றரை செ.மீ. கீழே கழுத்தில் மங்கி மறைகிறது. கண்ணாடிக்குள் நிறையக் குமிழி. தோளில் குண்டூசித் தலையை விடச் சிறிய இரண்டு மேடுகள். உட்புறம் முழுக்க வெண்படலம்.

2. அடர் நீல அறுகோணக் குப்பி. மூன்று பக்கம் வரிவரியாக மேடு, முன்பக்கம் ‘நாட் டு பி டேக்கன்’ (உட்கொள்ளக் கூடாது) என்று புடைப்பெழுத்து, அடியில் ‘யூ ஜி பி’. கார்க் இறுகிக் கிடக்கிறது, உள்ளே ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது.

3. கோலி சோடா பாட்டில், பச்சை. கோலி உள்ளேயே இருக்கிறது.

4. வைர வெட்டு வேலைப்பாடுள்ள கிண்ணம், லேசான பச்சைச் சாயல். யூவி டார்ச் அடித்தால் பச்சை ஒளி லேசாகத் தெரிகிறது. யுரேனியம் கண்ணாடி என்று சொல்லி விற்றார்கள்.

5. அகலவாய் திருகுமூடி ஜாடி. ‘மேசன்ஸ் பேட்டன்ட், நவம்பர் 30, 1858’ என்று இருக்கிறது. அச்சுக்கோடு உதட்டின் உச்சிவரை போகிறது.

என்னிடம் இருக்கும் அட்டவணை ஒன்று இப்படிச் சொல்கிறது: கோடு தோளில் நின்றால் 1860-க்கு முன், கழுத்தில் நின்றால் 1880-க்கு முன், உதட்டின் கீழே நின்றால் 1900-க்கு முன், உதட்டைத் தாண்டினால் அதற்குப் பின். இதன்படி முதல் பாட்டில் 1870 வாக்கில் வருகிறது. ஆனால் 1858 என்று பொறித்த ஜாடி 1900-க்குப் பிந்தையதாகிவிடுகிறதே? எதை நம்புவது? வெண்படலத்துக்குக் கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றலாமா?


ஊதுகுழல்

அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். எத்தனை முறை மறுத்தாலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது முக்கியமே இல்லை. எப்படி நிற்கிறது என்பதுதான் சேதி.

காரணம் இது. வாயால் ஊதும் காலத்தில் உடலும் கழுத்தும் இரண்டு பாதியாகப் பிளக்கும் அச்சுக்குள் உருவாகும், கோடு அங்கேதான் விழும். பிறகு ஊதுகுழலில் இருந்து பாட்டிலைப் பிரித்து, வாயை மறுபடி சூடாக்கி, இடுக்கி போன்ற ஒரு கருவியை வாய்க்குள் விட்டுச் சுழற்றி உதட்டைத் திரட்டுவார்கள். அந்தச் சுழற்சியில் இளகிய பகுதியில் உள்ள கோடு துடைபட்டுப் போகும். எவ்வளவு கீழே வரை சூடேறியது, கருவியின் பிடி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து ஒன்றில் கோடு கழுத்தின் பாதியில் மறையும், பக்கத்தில் இருப்பதில் உதட்டடி வரை வரும். ஒரே நாளில் ஒரே அச்சில் இருந்து வந்த இரண்டுக்கும் இந்த வித்தியாசம் இருக்கலாம். அதை வைத்து முப்பது வருடத்தைக் கூட்டிக் கழிக்க முடியாது.

உங்கள் முதல் பாட்டிலில் கோடு மங்கி மறைகிறது என்கிறீர்கள். அந்த இடத்தில் பத்து மடங்கு லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் அது கருவியால் திரட்டிய உதடு. அதற்கு முந்தைய முறை வேறு: தனியாகக் கொஞ்சம் உருகிய கண்ணாடியை எடுத்துக் கழுத்தின் நுனியில் சுற்றி ஒட்டி, அதன்பின் வடிவம் கொடுப்பார்கள். அதில் கோடு மங்காது. ஒட்டிய உதட்டுக்கு அடியில் வந்து சட்டென்று வெட்டியது போல் நிற்கும். ஒட்டிய கண்ணாடி கழுத்தின் மேல் சொட்டாக வழிந்திருக்கும். விரலை வாய்க்குள் விட்டால் சந்திப்பில் ஒரு படிக்கட்டு தட்டுப்படும்.

சிறு பாட்டில்களில் ஒட்டிய உதடு 1880-களின் நடுவில் பெரும்பாலும் மறைந்து, திரட்டிய உதடு முதல் உலகப்போர்க் காலம் வரை நீடித்தது. தோளில் உள்ள இரண்டு மேடுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. அவை காற்றுத் துளை அடையாளங்கள். அச்சுக்கும் சூடான கண்ணாடிக்கும் நடுவில் சிக்கும் காற்று வெளியேற அச்சில் துளை போடுவது 1880-களுக்குப் பிறகே பரவலானது. இரண்டையும் சேர்த்தால் சுமார் 1885 முதல் 1915 வரை. 1870 இல்லை.

குமிழியை வயதுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இன்றும் அலங்காரத்துக்காக வேண்டுமென்றே குமிழி வைத்துச் செய்கிறார்கள். வெளிர் நீலப்பச்சையும் மணலில் உள்ள இரும்பின் நிறம்தான். அது எல்லாக் காலத்திலும் உண்டு.

ஜாடி விஷயத்தில் ஒரு கேள்வி. உதட்டின் உச்சி வழவழப்பா, சொரசொரப்பா? நகத்தால் வருடிப் பார்த்துச் சொல்லுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.


நீலக்குப்பி

முதல் வேலை: இரண்டாவது குப்பியின் கார்க்கைத் திறக்காதீர்கள். அறுகோணமும் வரி மேடும் அழகுக்கு வைத்தவை அல்ல. இருட்டில் கை பட்டாலே விஷம் என்று தெரியவேண்டும் என்பதற்காக. கார்பாலிக் அமிலமோ, அம்மோனியாவோ, பூச்சிமருந்தோ எதுவும் இருந்திருக்கலாம். பழைய மருந்துக்கடைச் சரக்கில் மஞ்சள் படிகமாகக் காய்ந்த பிக்ரிக் அமிலம் இருந்தால் மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். மூடியது மூடியபடியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். அபாயக் கழிவு வாங்குபவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும். எண்ணெய் விட்டு இளக்குவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் காலி டிகாண்டருக்கான (மது ஊற்றிவைக்கும் குடுவை) வைத்தியம், இதற்கு ஆகாது.

வயது: ‘நாட் டு பி டேக்கன்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கக் குப்பிகளில் பெரும்பாலும் ‘பாய்சன்’ என்றே இருக்கும். ‘யூ ஜி பி’ என்பது யுனைடெட் கிளாஸ் பாட்டில் மேனுஃபாக்சரர்ஸ். அது 1913-இல் உருவான நிறுவனம். ஆகவே குப்பி அதற்கு முந்தியது அல்ல. அச்சுக்கோடு உதட்டைத் தாண்டி ஏறினால் இயந்திரத்தில் செய்தது. இந்த வகை ஏராளமாகக் கிடைக்கும். அரிதென்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இப்போது ஜாடி. ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை வாங்கிய நாள்தான் அந்த 1858 நவம்பர் 30. ஜாடி செய்த நாள் இல்லை. உரிமை காலாவதியான பிறகும் பல நிறுவனங்கள் பத்தாண்டுக் கணக்கில் அதே வரியைப் பொறித்துக்கொண்டே இருந்தன. பொறித்த தேதி எதுவானாலும், ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே அது சொல்லும். அடியில் தனியாக ஓர் எண் இருந்தால் அது அச்சு எண், வருடம் அல்ல.

இந்த ஜாடிகளுக்கு நகல்களும் நிறைய. அடர் நீலம், ஊதா, செம்பழுப்பு என்று அபூர்வ நிறத்தில் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.


வெட்டுக்கண்ணாடி

கிண்ணத்தைப் பற்றி மட்டும்.

யூவி டார்ச்சின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர்? இதைச் சொல்லாமல் யுரேனியமா இல்லையா என்று பேசுவதே வீண். 395 என்று விற்கும் மலிவு டார்ச் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். யுரேனியம் கலந்த கண்ணாடி 395-லும் 365-லும் உள்ளிருந்தே பளிச்சென்று பச்சையாக எரியும். பார்த்த பிறகு சந்தேகம் வராது. மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் பச்சை காட்டும், ஆனால் மந்தமாக. பெரும்பாலும் 365-இல்தான், அதுவும் முழு இருட்டில் கிட்டத்தில் வைத்தால்தான் தெரியும். இரும்பு கொடுக்கும் பச்சையைப் போக்கி நிறமற்றதாக்க மாங்கனீஸைச் சேர்ப்பது 1920 வாக்கில் குறைந்துபோனது. ‘லேசாகத் தெரிகிறது’ என்கிற உங்கள் சொல்லை நம்பினால் எனக்கு மாங்கனீஸ் என்றுதான் படுகிறது.

அதே மாங்கனீஸ் கண்ணாடி வருடக்கணக்கில் வெயில் பட்டால் இளம் ஊதாவாக மாறும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் கதிரியக்கம் கொடுத்துக் கருநாவல் நிறத்துக்குக் கொண்டுபோய் ‘அபூர்வம்’ என்று விற்கிறார்கள். வெயில் அவ்வளவு அடர்த்தியாக நிறமேற்றாது.

வெட்டா, அழுத்தி வார்த்ததா? கண்ணை மூடிக்கொண்டு வேலைப்பாட்டின் முனைகளை விரலால் தடவுங்கள். சக்கரத்தில் வெட்டியதென்றால் முனை கூராகக் கையைப் பிராண்டும். அச்சில் அழுத்தியதென்றால் முனை மழுங்கி, உருகி உட்கார்ந்தது போல் இருக்கும். வைர வடிவத்துக்குள் அச்சுக்கோடு ஒளிந்திருக்கும். விளிம்பில் இருந்து அடிவரை ஒரே செங்குத்து வரிசையில் முனைகள் ஒரு நூல் அளவு பிசகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பிளவு அச்சென்றால் கோடும் மூன்று. சுண்டினால் நீளமாக மணி போல ஒலித்தால் ஈயக் கண்ணாடியாக இருக்கலாம், ஆனால் கனமான, குட்டையான கிண்ணம் ஈயம் இருந்தாலும் ஒலிக்காது. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கிண்ணத்தின் உள் அடியை நன்றாகத் துடைத்துவிட்டு முத்திரை தேடுங்கள். பிரிட்டிஷ் வார்ப்பென்றால் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களில் சாய்சதுர முத்திரை இருக்கும். அதன் உச்சி வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி வகுப்பு. 1884 முதல் ‘ஆர்டி’ (‘ரிஜிஸ்டர்டு’ என்பதன் சுருக்கம்) என்ற எழுத்தும் எண்ணும். எண் ஒன்றில் தொடங்கி, 1900 பிறக்கும்போது மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது.


அடிவட்டம்

வெண்படலத்துக்கு வருகிறேன். கழிவறை ஆசிட் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியைத் தின்னாது என்பது உண்மைதான். ஆனால் அது செய்வதைச் சமையல் வினிகரும் செய்யும். ஆசிட்டில் புகை வேறு. பக்கத்தில் பிளீச்சிங் திரவம் இருந்து கலந்துவிட்டால் குளோரின் வாயு.

படலம் இரண்டு வகை. ஒன்று, கடின நீர் விட்டுப்போன சுண்ணாம்பு. கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருப்பது. மற்றது, ஈரம் பல வருடம் தங்கிக் கண்ணாடியில் உள்ள காரத்தை உறிஞ்சி எடுத்ததால் மேற்பரப்பே அரிபட்டது. முதலாவது கரையும். இரண்டாவதில் கரைக்க ஒன்றுமே இல்லை, கண்ணாடிதான் குறைந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது கஷ்டம், கழுவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் துண்டு விரித்து, அறை வெப்பத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். குளிர்ந்த பாட்டிலில் வெந்நீர் கூடாது; அடி தடித்தும் தோள் மெலிந்தும் இருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் விரிவதில்லை, ஏற்கெனவே இருக்கும் மயிரிழை விரிசல் அடியைச் சுற்றி ஓடிவிடும். மறுநாள் நுனியில் கம்பி துருத்தாத பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு தண்ணீர் கலக்காத வினிகரை நிரப்பி 24 மணி நேரம். அல்லது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம். துருக்கறை இருந்தால் மட்டும் ஆக்ஸாலிக் அமிலம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அது விஷம். காகித லேபிள், தங்கப் பூச்சு, வர்ணம் உள்ளவற்றில் இதில் எதுவும் கூடாது.

ஓரத்தில் ஒட்டிய அழுக்குக்கு 2, 3 மி.மீ. நீளத்தில் நறுக்கிய செம்புக் கம்பித் துண்டுகளும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுச் சுழற்றுங்கள், குலுக்காதீர்கள். செம்பு கண்ணாடியை விட மிருது. மணலும் இரும்புக் குண்டும் கீறிவிடும்.

இதற்குப் பிறகும் போகாவிட்டால் டம்பளர் என்னும் சுழலும் எந்திரத்தில் போட்டு மெருகேற்றிவிடுங்கள். உருளைக் குடுவைக்குள் பாட்டிலைப் பொருத்தி, உள்ளும் புறமும் செம்புத் துண்டு, தண்ணீர், முதலில் அலுமினியம் ஆக்ஸைடு, அப்புறம் சீரியம் அல்லது டின் ஆக்ஸைடு. மெதுவாகச் சுழன்றால் மூன்று முதல் ஐந்து நாளில் புதுசு போல் வந்துவிடும்.


ஊதுகுழல்

அடிவட்டம் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் ஏற்கமாட்டேன். வெளிப்புறத்தை டம்பளரில் போட்டால் புடைப்பெழுத்தின் முனை மழுங்கும். உதட்டின் கருவித் தடங்களும், அடியில் பாண்டில் தழும்பு (உதடு செய்யும்போது பாட்டிலைப் பிடித்த கம்பி விட்ட தடம்) இருந்தால் அதுவும், சேர்ந்தே தேயும். பாட்டிலின் வயதைச் சொல்லும் சாட்சிகளை நாமே அழித்த கதைதான். பளபளப்பு வேண்டுமென்றால் புதுப் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.


அடிவட்டம்

உட்புறத்தை மட்டும் செய்யலாமே? வெளியில் நுரைப்பஞ்சு சுற்றிக் குடுவைக்குள் இறுக்கிவிட்டால் வெளிப்பக்கம் தேயாது. அவருடையது எழுத்தில்லாத சாதா மருந்து பாட்டில். உள்ளே என்ன சாட்சி கெடப்போகிறது? விரிசல் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சுழலும்போது மறைவிரிசல் வளர்ந்து பாதியில் பிளந்துவிடும்.


சீசாப்பித்தன்

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் பாட்டிலின் கழுத்தில் கிடைக்கோடுகள் லென்ஸில் தெளிவாகத் தெரிகின்றன. ஊற வைத்து, வினிகரும் விட்டாயிற்று. ஈரமாக இருக்கும்போது படலம் சுத்தமாகக் காணோம், காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. முன்பு இருந்ததில் கால்வாசி குறைந்திருக்கலாம்.

ஜாடியின் உச்சி சொரசொரப்பு. தட்டையாகத் தேய்த்தது போல, ஓரத்தில் குட்டிக் குட்டிச் சில்லு பெயர்ந்திருக்கிறது. இது பழுதா?

நீலக் குப்பியில் கோடு உதட்டைத் தாண்டுகிறது. மூடியபடியே டப்பாவில் வைத்துவிட்டேன்.

கிண்ணத்தின் முனைகள் மழுங்கல், கோடு மூன்று. 365 டார்ச் கடன் வாங்கிப் பார்த்ததில் மங்கலான பச்சை, 395-இல் ஒன்றுமே இல்லை என்றே சொல்லலாம். உள் அடியில் ‘ஆர்டி’ என்றும் ஆறு இலக்க எண்ணும். முதல் இலக்கம் 2, மற்றவை தேய்ந்துவிட்டன.


வெட்டுக்கண்ணாடி

அப்படியானால் அழுத்தி வார்த்த கிண்ணம், மாங்கனீஸ். யுரேனியம் இல்லை. இரண்டு லட்சத்துச் சொச்சம் என்றால் வடிவம் 1890-களில் பதிவானது. பதிவுக்குப் பிறகு எத்தனை வருடம் வார்த்தார்கள் என்பது எண்ணில் தெரியாது. அடி வளையத்தின் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள்: பல வருடம் மேசையில் நகர்ந்த அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும், ஆழம் கூடியும் குறைந்தும் இருக்கும். உப்புத்தாள் போட்டு வயதேற்றியதில் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஓடும்.


ஊதுகுழல்

ஜாடியின் சொரசொரப்பு பழுதல்ல, அதுதான் அதன் நற்சான்று. வாயால் ஊதியபோது அச்சுக்கு மேலே பிதுங்கிய மிச்சக் கண்ணாடியை உடைத்துவிட்டு, உச்சியைச் சாணையில் தேய்த்துத் தட்டையாக்கினார்கள். உதடு முழுக்க அச்சுக்குள்ளேயே உருவானதால் கோடு உச்சிவரை ஓடுகிறது. உங்கள் அட்டவணை இந்த இடத்தில்தான் இன்னொரு முறை தடுக்கி விழுகிறது. சில்லுப் பெயர்வு சாணையில் நேர்ந்தது. இயந்திரத்தில் செய்த ஜாடியின் உச்சி வழவழப்பாக இருக்கும், கோடும் அதைத் தாண்டிப் போகும். தேய்த்த உதட்டு முறை 1910-களோடு ஏறக்குறைய முடிந்துபோனது, ஆகவே ஜாடி அதற்கு முந்தியது. ஆனால் நகல்களிலும் தேய்த்த உதடு உண்டு. எழுத்து மொழுமொழுவென்று, கண்ணாடி ஒரு சீராகத் தடித்து, அடியில் தேய்மானமே இல்லாமல் இருந்தால் யோசியுங்கள்.

இயந்திரத்துக்கு இன்னொரு தடயமும் உண்டு. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் (1904 காப்புரிமை) கண்ணாடியை உறிஞ்சி எடுத்து வெட்டும். அந்த வெட்டு, அடியில் மையம் விலகிய ஒரு வட்டத் தழும்பாக, விளிம்பு இறகு போலச் சிலும்பி நிற்கும். நீலக் குப்பியிலும் ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லா இயந்திரமும் உறிஞ்சுவதில்லை.


அடிவட்டம்

ஈரத்தில் மறைந்து காய்ந்தால் திரும்புவது, வினிகருக்கும் அசையாதது, இரண்டும் சேர்ந்தால் அது அரிப்புதான். குறைந்த கால்வாசி சுண்ணாம்பு. மிச்சம் கண்ணாடியின் குழிகள். தண்ணீர் அவற்றை நிரப்பும்போது ஒளி சிதறாது, அதனால்தான் மறைகிறது.

இதையே வைத்து ஓர் ஏமாற்று வேலை நடக்கிறது. உள்ளே மினரல் ஆயில் தடவி விற்பார்கள், வாரக்கணக்கில் பளிச்சென்று இருக்கும். வாங்கும்போது வாய்க்குள் டிஷ்யூ காகிதம் சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்துப் பாருங்கள், பிசுக்கு ஒட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

கழுவியதைத் துண்டின் மேல் கவிழ்த்து முழுதாகக் காயவிட்ட பிறகே கார்க் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் அரிப்பு தொடரும்.


நீலக்குப்பி

மூன்றாவதை யாரும் தொடவில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. வாயின் உட்பள்ளத்தில் ரப்பர் வளையம். வாயு அழுத்தம் கோலியை அதன் மேல் தள்ளி அடைக்கும். ஊற்றும்போது கோலி திரும்ப வாய்க்கு ஓடிவராமல் தடுக்கத்தான் கழுத்தில் அந்த இடுக்கு. கோலியைப் போட்ட பிறகுதான் உதட்டைச் செய்வார்கள், எனவே உடைக்காமல் அது வெளியே வராது.

இந்த வடிவம் இன்றுவரை தயாரிப்பில் இருப்பதால் உருவத்தை வைத்து வயது சொல்லவே முடியாது. நிறுவனத்தின் பெயர் புடைப்பெழுத்தில் இருந்தால் முழுதாக எழுதி அனுப்புங்கள், ‘பேட்டன்ட்’ என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். உதட்டை ஊதுகுழல் சொன்ன மாதிரி லென்ஸில் சோதியுங்கள். கழுவும்போது செம்புத் துண்டு போடவேண்டாம். சுழற்றினால் கோலி உள்சுவரில் மோதிப் பிறைத் தழும்பு விழுந்துவிடும். வினிகரில் ஊற வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் காய்ந்து நொறுங்கியிருந்தால் பிய்த்து எடுக்காமல் அப்படியே விடுங்கள்.